ஐம்பத்திநாலு புள்ளி

ஒன்பது மாசப் பிள்ளை மத்தியானத்தில நித்திரை கொள்ளாட்டி, பால் காணாதாக்கும் எண்டு தான் எல்லாரும் நினைப்பினம். நானும் அப்பிடித் தான் நினைச்சிருந்தன் தம்பி. அறையில சூடு கூட எண்டால் தான் பிள்ளை முழிச்சுக்கொண்டு கிடக்கும். ரெண்டு டிகிரி குறைச்சுப்போட்டு, யன்னல் சீலையை அரைவாசிக்கு இழுத்துவிட்டியள் எண்டால் பத்து நிமிசத்தில கண் மூடிடும். பத்து வருசமா குழந்தையள் சென்ரர் நடத்துற எனக்கு இது தெரியாது. ஜெசிந்தா வேலைக்கு வந்த ரெண்டாம் கிழமையே கண்டுபிடிச்சுச் சொன்னாள்.

நீங்கள் ரேப்பை ஓடவிடுங்கோ. நான் தமிழிலயே சொல்லுறன், நீங்கள் பிறகு உங்கட அப்ரென்ரிஸ் ஒபிசுக்கு இங்கிலிசில எழுதிக் குடுங்கோ. பிரவீனன் எண்டு தானே பேர் சொன்னனீங்கள்? இங்க பிறந்த பிள்ளை எண்டாலும் தமிழ் வடிவா விளங்குது, சந்தோசம். நீங்கள் வந்தது ஒரு கையெழுத்துக்காக. போன வருசம் ஓகஸ்ட் மாசம், ஜெசிந்தா நீக்கிலாப்பிள்ளை அப்ரென்ரிஸ் படிப்பில இருந்து விலகிறன் எண்டு ஒரு ஃபோமில கையெழுத்து வைச்சிருக்கு. அது அவள் வைச்சதில்லை, நான் வைச்சது. அதில ஒளிக்க ஒண்டுமில்லை. ஆனால் அதை மட்டும் எழுதிக்கொண்டு போனியள் எண்டால் நான் ஏதோ கள்ளி மாதிரித் தெரியும். முழுக்கச் சொன்னால் தான் என்ர பக்கத்து நியாயமும் விளங்கும்.

நான் யாழ்ப்பாணத்தில கணக்கு ரீச்சர். தொண்ணூற்றஞ்சில இங்க கனடாவுக்கு வந்து, பிள்ளை பராமரிப்புப் படிச்சு, பிறகு வெக்ஸ்போர்ட்டில இந்தப் பிளாசாவுக்குப் பின்பக்கம் சென்ரரைத் திறந்தன். கைக்குழந்தை அறையில பத்துப் பிள்ளையள். பத்துப் பேருக்கு மூண்டு பெரியாக்கள் நிக்கவேணும் எண்டு சட்டம். மூண்டு பேரையும் படிச்சாக்களாப் பிடிக்க ஆருக்குக் கட்டும்? அதால ஒருத்தி படிச்சவள், மற்ற ரெண்டு பேரும் அப்ரென்ரிஸ், வேலை செய்துகொண்டே பழகிற பிள்ளையள். அவை கொலிச் வகுப்பில சேருறதெண்டால் முதல் உங்கட ஒபிஸ் வைக்கிற இங்கிலிசும் கணக்கும் சோதினை எழுதி, ரெண்டிலயும் ஐம்பது எடுக்கவேணும்.

குழந்தைக்குப் பம்பஸ் மாத்திறதுக்கு என்னத்துக்குக் கணக்கு எண்டு கேக்கிற ஆக்கள் இருக்கினம். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. மருந்துப் போத்தலில எழுதியிருக்கிறதை வாசிக்கத் தெரியாதவளிட்ட என்னெண்டு ஒரு பிள்ளையை விடுறது? பால்மா எத்தினை கரண்டி, தண்ணி எவ்வளவு எண்டு பிழையாக் கலந்தால் பிள்ளைக்கு வலிப்பும் வரலாம். ஒருத்தன் விழுந்து நெத்தியில காயம் எண்டால், எப்ப, எங்க, எப்பிடி எண்டு தாய்க்கு எழுதிக் குடுக்கவேணும். நல்ல சட்டம் தம்பி. உங்கட ஒபிஸ் அதைத் தளர்த்தக் கூடாது.

எனக்கிருந்த கரைச்சல் வேற. அபர்ணா எண்டு சென்னைப் பிள்ளை ஒருத்தி இருந்தாள். கெட்டிக்காரி. பாஸ் எண்டு கடிதம் வந்து அடுத்த மாசமே, டவுன்ரவுனில பெரிய சென்ரர் ஒண்டுக்குப் போயிட்டாள். நான் தான் கேக் வெட்டி அனுப்பினன். அவளின்ர மடியில வளர்ந்த ரெண்டு குழந்தையள் மூண்டு கிழமை ஒழுங்காச் சாப்பிடேல்லை. அவளுக்கு முதலும் ரெண்டு பேர் அப்பிடித் தான் போனவை. பழக்கி, ஆளாக்கி, பிறகு வாசலில நிண்டு கை காட்டுறது தான் என்ர வேலையாப் போச்சு.

ஜெசிந்தா வந்தது ரெண்டாயிரத்தேழு சித்திரையில. இருபத்தேழு வயது. மன்னாரில அடம்பன் பக்கம். புருசன் பஸ்ரியனை ஒருநாள் விடிய ஆரோ வந்து கூட்டிக்கொண்டு போனவை, பிறகு ஆளில்லை. இருந்த காசுக்கு ஒராள் தான் வரலாம் எண்டு ஏஜென்சிக்காரன் சொல்லியிருக்கிறான். இவள் மகனைத் தமக்கை மெற்றில்டாவிட்ட விட்டிட்டு வந்திட்டாள். மகன் பேர் எட்வேட், அப்ப நாலு வயது. இங்க அவளின்ர அகதிக் கேஸை ஏற்றுக்கொண்டு, மகனைக் கூப்பிடலாம் எண்டும் சொல்லியாச்சு. அவளுக்கு இந்த உலகத்தில வேற ஒரு யோசினையும் இல்லை. காலமை ஏழு மணிக்கு வந்து கையைக் கழுவிப்போட்டு முதல் குழந்தையைத் தூக்கேக்கையே, எட்வேட் இந்நேரம் பின்னேரச் சாப்பாடு சாப்பிடுவான் ரீச்சர் எண்டுவாள்.

அவள் இருந்தது ஒரு பேஸ்மென்ற் அறையில. மேல் வீட்டுக்காரர் கடிதங்களைத் துலைச்சுப் போடுவினம் எண்டு சென்ரர் விலாசத்தைத் தான் எல்லா இடமும் குடுத்து வைச்சிருந்தாள். எங்கட சனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியுமோ தெரியாது. இங்கிலிஸ் கடிதம் வந்தால் உடைக்காமல் தெரிஞ்ச ஒராளிட்டக் கொண்டு போய்க் குடுப்பினம். அந்த ஆள் உடைச்சு வாசிச்சுச் சொல்லுறது தான் கடிதம். பாங்க் கடிதம், கோட்டுக் கடிதம், பள்ளிக்கூடத்துக் கடிதம் எல்லாம் அப்பிடித் தான். நான் எத்தினை பேருக்கு வாசிச்சிருப்பன். ஒருத்தரும் திருப்பி ஒருக்கால் பாப்பம் எண்டு கேட்டதில்லை. ரீச்சர் தானே வாசிக்கிறா எண்ட நம்பிக்கை.

அந்த வருசம் ஐப்பசியில அவளின்ர சோதினை முடிவு வந்தது. இங்கிலிஸ் அறுபத்தெட்டு, கணக்கு ஐம்பத்திநாலு. ரெண்டும் பாஸ். நான் கடிதத்தைக் கையில வைச்சுக்கொண்டிருக்க, அவள் ஒரு குழந்தையை இடுப்பில வைச்சுக்கொண்டு கதவடியில வந்து நிண்டாள்.

"ரீச்சர், வந்திட்டுதோ?"

"ஓம் பிள்ளை. ரெண்டும் காணாது. இங்கிலிஸ் நாப்பத்திநாலு, கணக்கு நாப்பத்தாறு."

அவள் குழந்தையின்ர தலையைத் தடவினாள். பிறகு, "கிட்டத்தான் வந்திருக்கிறன் என்ன ரீச்சர்" எண்டாள். அவ்வளவு தான். கடிதத்தை ஒருக்கால் காட்டுங்கோ எண்டு கூடக் கேக்கேல்லை.

நீங்கள் அப்பிடிப் பாக்காதேங்கோ. நான் யோசிக்காமல் சொன்னதில்லை. என்ர வகுப்பில ஐம்பத்திநாலு எடுத்த பிள்ளையை நான் ஒருநாளும் மேல் வகுப்புக்கு விட்டதில்லை. பின்னக் கணக்கு அவளுக்குச் சரியா வராது, ரெண்டு மூண்டு விடை குருட்டு வாக்கில சரிவந்திருக்கும். வின்ரர் வேற வருது. அறையில பத்துக் குழந்தையள், ரெண்டு பேருக்கு ஏற்கனவே சளி. ஒரு வின்ரர் மட்டும் நிக்கட்டும், பங்குனியில சொல்லுவம் எண்டு நினைச்சன். அவளுக்கும் ஒரு நட்டமும் இல்லை, கணக்கும் நல்லாப் பிடிபடும்.

அதுக்காகத் தான் சனிக்கிழமை வகுப்பு வைச்சன். மில்லிக்கனில என்ர வீட்டுக் குசினி மேசையில, காலமை பத்தில இருந்து ஒரு மணி வரைக்கும். ஒரு சதம் வாங்கேல்லை. ரெண்டு பஸ் மாறி, பனிக்குள்ள நடந்து வருவாள். பின்னம், தசமம், விகிதம் எல்லாம் அடியில இருந்து சொல்லிக் குடுத்தன். மத்தியானம் சோறு தின்னாமல் போகவிடமாட்டன். என்ர மனிசன் சண்முகலிங்கம் செத்து அப்ப ஆறு வருசம். எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. அந்தச் சனிக்கிழமையள் எனக்கு நல்ல விருப்பமாயிருந்தது, அதை நான் மறைக்கேல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரமே என்ன கறி வைக்கலாம் எண்டு யோசிக்கத் தொடங்கிடுவன்.

ரெண்டாயிரத்தெட்டுத் தை மாசம், திரும்பச் சோதினை எழுதப்போறன் எண்டாள். உங்கட ஒபிசுக்குப் போனால் விசயம் வெளியில வந்திடும் தானே. இனிச் சென்ரரிலயே எழுதலாமாம், மேற்பார்வையாளர் வைக்கலாமாம் எண்டு சொன்னன். முதல் கணக்கைப் பாப்பம், இங்கிலிஸ் பிறகு எண்டு சொல்லி, கணக்குப் பேப்பரை நானே தயாரிச்சன். உங்கட பேப்பரிலும் பாக்கக் கொஞ்சம் கஸ்ரமான பேப்பர். ரெண்டு மணித்தியாலம் மணிக்கூடு வைச்சு, கதைக்கவிடாமல் எழுதுவிச்சன். இரவு இருந்து திருத்தினன். எழுபத்திரண்டு. எனக்குப் பெருமையாத் தான் இருந்தது. அவளிட்ட நாப்பத்தெட்டு எண்டு சொன்னன். கொஞ்சம் கூட்டிச் சொன்னால் தான் மனம் விடாமல் படிப்பாள்.

இனி எட்வேட்டின்ர கதை. நீங்கள் கேக்கேல்லை, ஆனால் கேப்பியள்.

மகனைக் கூப்பிடுற ஃபோமையும் நான் தான் அவளுக்கு நிரப்பிக் குடுத்தன். முதல் முடிவு வந்த அடுத்த மாசமே எல்லாம் எழுதி, படம் ஒட்டி, அவளின்ர கையெழுத்தும் வாங்கி என்ர மேசை லாச்சியில வைச்சாச்சு. நிரந்தர வேலைக் கடிதத்தோட தான் இதை அனுப்பவேணும், அதுக்குச் சோதினை பாஸ் பண்ணவேணும் எண்டு சொன்னன். அப்பிடிச் சொன்னால் ஊக்கமாப் படிப்பாள் எண்டு நினைச்சன். படிச்சவளும் தான்.

மாசி மாசம் ஒருநாள் வேலைக்கு ஓடி வந்தாள். ஓடி வந்து நான் கண்டதில்லை. ஊரில தமக்கைக்குப் பாஸ் கிடைச்சிட்டுதாம். அந்த நேரம் அங்கயிருந்து வெளியில வாறதெண்டால் இயக்கத்தின்ர பாஸ் வேணும், ஆரும் பிணை நிக்கவேணும். பங்குக் கோயில் சுவாமி பிணை நிண்டு, தமக்கைக்கும் பிள்ளைக்கும் ரெண்டு கிழமைக்குள்ள கொழும்புக்கு வரலாம் எண்டு எடுத்துக் குடுத்திருக்கிறார். கனடாவுக்குப் பேப்பர் போட்டிருக்கெண்டால் கொழும்பில கன்னியாஸ்திரிமாற்ற மடத்தில வைச்சிருப்பினமாம். பேப்பர் போடாட்டி அங்க இடமில்லை. எங்க தங்குறது, பொலிஸ் வந்து கேட்டால் என்ன சொல்லுறது?

"ரீச்சர், நான் பஸ்ஸில வரேக்க இந்தப் புத்தகத்தை வாசிச்சனான்" எண்டாள். ஃபோமோட வாற விளக்கப் புத்தகம். மூண்டாம் பக்கத்தில பென்சிலால ஒரு கோடு கீறியிருந்தாள். "உதில, சொந்தப் பிள்ளையைக் கூப்பிடுறதுக்கு வருமானம் காட்டத் தேவையில்லை எண்டு இருக்கிற மாதிரிக் கிடக்கு. அப்ப வேலைக் கடிதம் இல்லாமலே அனுப்பலாமோ?"

நான் புத்தகத்தை வாங்கிப் பாத்தன். அவள் சொன்னபடி தான் இருந்தது. அது எனக்கு முதலே தெரியும்.

அனுப்பினால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சன். பிள்ளை வருவான். பிள்ளை வந்தால் அவள் ரெண்டு வேலை செய்யவேணும், இல்லாட்டிச் சம்பளம் கூடின இடத்துக்குப் போகவேணும். உங்கட ஒபிசில போய் நிண்டு திரும்ப எழுதப்போறன் எண்டுவாள், அவை கொம்பியூட்டரில தட்டிப் பாத்து நீ பாஸ் எண்டு சொல்லுவினம். எல்லாம் ஒரு நிமிசத்தில கண்ணுக்கு முன்னால வந்தது.

"பிள்ளை, நீ இங்கிலிசில பெயில்" எண்டன். கோவமாச் சொல்லேல்லை, தோளில கை வைச்சுத் தான் சொன்னன். "சட்டப் புத்தகம் வாசிக்கிறது வேற. ஒரு சொல்லைப் பிழையா விளங்கி அனுப்பினியெண்டால் ஃபைலை மூடிப்போடுவினம். பிறகு எட்வேட்டை ஒருநாளும் கூப்பிடேலாது. அக்காவை அவசரப்படவேண்டாம் எண்டு சொல்லு. சித்திரையில நீ பாஸ் பண்ணிடுவாய்."

அவள் என்னைப் பாத்தாள், புத்தகத்தைப் பாத்தாள். பிறகு அழிறப்பரை எடுத்து அந்தக் கோட்டை அழிச்சாள். பக்கம் கிழிஞ்சிடும் எண்டு பயந்து மெல்ல மெல்ல அழிச்சுப்போட்டு, புத்தகத்தை என்னட்டயே தந்தாள். பின்னேரம் ரெலிபோன் காட் வாங்கி ஊருக்கு எடுத்து, பொறுக்கச் சொன்னாள். ரெண்டு கிழமையில பாஸ் காலாவதியாப் போச்சு.

சித்திரையில மன்னாரில மடு ஆமியிட்ட விழுந்தது. அடம்பன் சனம் முழுக்க வெளிக்கிட்டிட்டுது. ஆடியில தமக்கை கிளிநொச்சியில இருந்து கதைச்சாள், ஒரு மரத்துக்குக் கீழ இருக்கிறம் எண்டு. அதுக்குப் பிறகு ஒருத்தருக்கும் பாஸ் இல்லை. ஓகஸ்டில உங்கட ஒபிசில இருந்து கடிதம் வந்தது: பாஸ் பண்ணி ஒரு வருசமாகப்போகுது, வகுப்புக்கு வாறீரோ இல்லையோ எண்டு. பதில் போடாட்டிச் சென்ரருக்கு ரெலிபோன் எடுப்பினம், அவள் எடுத்துப்போட்டால் வில்லங்கம். அண்டைக்குத் தான் அந்தக் கையெழுத்தை வைச்சன். அவளின்ர கையெழுத்து ஒவ்வொரு எழுத்தாக் குண்டு குண்டா இருக்கும். போடுறது சுகம்.

இந்த வருசம் நடந்தது உங்களுக்கும் தெரியும். சண்டையை நிப்பாட்டச் சொல்லி நீங்களும் ரோட்டில நிண்டிருப்பியள். ஜெசிந்தா வேலை முடிஞ்சு பஸ் ஏறி யூனிவேர்சிட்டி அவெனியூவுக்குப் போவாள், எட்வேட்டின்ர படத்தை மட்டையில ஒட்டிப் பிடிச்சுக்கொண்டு நிப்பாள். அன்னையர் தினத்தண்டு சனம் ஹைவேயில ஏறி இருந்ததே, அங்கயும் இருந்தவள். அடுத்தநாள் காலமை ஏழு மணிக்கு அறையில நிண்டாள். ஒருநாளும் பிந்தேல்லை. சனிக்கிழமையிலயும் கொப்பியோட வந்தாள். ரேடியோவில இடங்களின்ர பேர் வாசிக்க வாசிக்க அவள் பின்னக் கணக்குச் செய்துகொண்டிருப்பாள். சித்திரையில எழுதின பேப்பரில எண்பத்தொண்டு. நான் நாப்பத்தொன்பது எண்டு சொன்னன்.

சண்டை முடிஞ்சது வைகாசியில, விக்டோரியா டே லீவு அண்டைக்கு. சென்ரர் பூட்டு. தமக்கையின்ர ரெலிபோன் வந்தது ஆனி கடைசியில, செட்டிக்குளம் முகாமில ஆரோ களவாக் குடுத்த போனில. எட்வேட் பங்குனி மாசமே மாத்தளனில பங்கருக்குள்ள செத்துப்போனான். செல் அடிச்சதில்லையாம். வயிற்றோட்டம். நாலு நாள் மருந்தில்லாமல் கிடந்தவனாம். ஆறு வயது.

அடுத்தநாளும் அவள் வேலைக்கு வந்தாள். குழந்தையள் நித்திரையான பிறகு என்ர மேசைக்கு முன்னால வந்து நிண்டு, "ரீச்சர், என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" எண்டாள். "ரெண்டு வருசம் சனிக்கிழமையெல்லாம் என்னோட மினக்கெட்டியள். எனக்கு மண்டையில ஏறேல்லை. நான் ஒருக்கால் பாஸ் பண்ணியிருந்தால் என்ர பிள்ளை இங்க நிண்டிருப்பான். நான் தான் அவனைக் கொண்டிட்டன்."

நான் எழும்பிப் போய் அவளைக் கட்டிப்பிடிச்சன். அப்பிடிச் சொல்லக் கூடாது பிள்ளை, நீ உன்னால ஏண்டதைச் செய்தனீ எண்டு சொன்னன். அவள் என்ர தோளில அழுதாள். அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவளுக்கு என்ன கிடைச்சிருக்கும்? அழுறதுக்கு ஒரு தோளும் இல்லாமல் போயிருக்கும். நான் அதைத் தான் யோசிச்சன்.

என்னால செத்தான் எண்டு நீங்கள் எழுதலாம். ரெண்டாயிரத்தெட்டு மாசியில ஃபோம் போயிருந்தால் தமக்கை பிள்ளையோட கொழும்புக்கு வந்திருப்பாள். மடத்தில இருந்திருப்பினம். விசா வர ஒரு வருசமோ ரெண்டு வருசமோ, எப்பிடியும் பிள்ளை உயிரோட இருந்திருப்பான். நான் கணக்கு ரீச்சர், அந்தக் கணக்கை எத்தினையோ தரம் செய்து பாத்திட்டன். விடை மாறேல்லை. எழுதுங்கோ.

புரட்டாதியில அவள் எனக்குச் சொல்லாமல் உங்கட ஒபிசுக்குப் போயிருக்கிறாள். பிள்ளைக்காகப் படிச்சதைப் பிள்ளையின்ர பேரில ஒருக்காலாவது பாஸ் பண்ணிப்போடவேணும் எண்டு தான் போனவளாம். கவுண்டரில இருந்த பிள்ளை கொம்பியூட்டரைப் பாத்திட்டு, நீர் ரெண்டு வருசத்துக்கு முதலே பாஸ், போன வருசம் நீர் தானே விலகினீர் எண்டு சொல்லியிருக்கிறாள்.

போன வியாழக்கிழமை பின்னேரம், தாய் தேப்பன்மார் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போன பிறகு என்னட்ட வந்தாள். சத்தம் போடுவாள் எண்டு பாத்தன், போடேல்லை. கோட்டும் கழட்டேல்லை.

"என்ர மாக்ஸ் என்ன ரீச்சர்?"

"இங்கிலிஸ் அறுபத்தெட்டு. கணக்கு ஐம்பத்திநாலு."

"ஃபோம் அனுப்பினீங்களோ?"

"இல்லை."

"அந்த மூண்டாம் பக்கம் ரீச்சர். நான் வாசிச்சது சரியோ?"

நான் லாச்சியைத் திறந்து ஃபோமையும் புத்தகத்தையும் எடுத்து, அந்தப் பக்கத்தை விரிச்சு வைச்சன். "சரி பிள்ளை" எண்டன். "சொல்லுக்குச் சொல் சரியாத் தான் வாசிச்சிருக்கிறாய்."

ஃபோமில ஒட்டியிருந்த எட்வேட்டின்ர படத்தை மட்டும் நகத்தால கிளப்பி எடுத்தாள். கோட்டுப் பொக்கற்றில இருந்த அறைத் திறப்பை எடுத்து மேசையில வைச்சிட்டுப் போயிட்டாள். அவள் எங்க இருக்கிறாள் எண்டு எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை குழந்தையள் ஒண்டும் நித்திரை கொள்ளேல்லை.

எல்லாம் சொல்லிட்டன். விலகல் ஃபோமில கையெழுத்து நான் வைச்சது, கடிதத்தைப் பிழையா வாசிச்சது நான், பிள்ளையின்ர ஃபோமை அனுப்பாமல் வைச்சது நான். எங்க கையெழுத்து வைக்கவேணும் எண்டு காட்டுங்கோ. ஆனால் ரீச்சர் எண்ட பேரைக் கெடுக்கிற மாதிரி மட்டும் ஒண்டும் எழுதாதேங்கோ தம்பி. அவள் எனக்கு எழுதித் தந்த பேப்பர் எல்லாம் அந்தக் கட்டில இருக்கு, கொண்டுபோய்ப் பாருங்கோ. எழுபத்திரண்டு, எழுபத்தைஞ்சு, எண்பத்தொண்டு. எல்லாம் என்ர கையால சிவப்புப் பேனையில போட்டது. இருபத்திரண்டு வருசம் படிப்பிச்சன். சரியாச் செய்த பிள்ளைக்கு நான் ஒருநாளும் பிழை போட்டதில்லை.